உங்களுக்குத் தெரியுமா? பேட்டரியே இல்லாமல் என்ஜின் சூட்டைச் சொல்லும் முள்!

பழைய கார்களின் டெம்பரேச்சர் கேஜுக்குள் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்? மயக்க மருந்து! ஆமாம், ஈதர்! 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், பல் டாக்டர் வில்லியம் மார்ட்டன் ஒரு நோயாளிக்கு ஈதரை முகரக் கொடுத்தார். கழுத்துக் கட்டியை அறுத்தார்கள். நோயாளி அலறவே இல்லை! உலகத்தையே வாய்பிளக்க வைத்த அதே ஈதர்தான் இந்த கேஜின் உயிர்!

இந்த கேஜுக்கு ஒயர் கிடையாது. ஃபியூஸ் கிடையாது. காரின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். முள் அப்போதும் சூட்டைச் சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும்!

ஈதர் கொதிக்க அடுப்பே வேண்டாம். 34.6 டிகிரி செல்சியஸ் போதும். சென்னையின் சித்திரை வெயிலே அதைக் கொதிக்க வைத்துவிடும்!

மொத்தக் கருவியும் மூன்றே பாகம். என்ஜினுக்குள் நுழையும் ஒரு பித்தளைக் குமிழ். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய செம்புக் குழாய். மறுமுனையில் முள்ளும் எண்களும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஈதரை உள்ளே அடைத்து, நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள். பிரித்தால் காலி!

இப்போது எண்களைக் கேளுங்கள். 50 டிகிரியில் ஈதர் ஆவியின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 80 டிகிரியில் கிட்டத்தட்ட 4 மடங்கு. 100 டிகிரியில்? 6 மடங்கையும் தாண்டுகிறது!

அதனால்தான் பழைய மெக்கானிக்கல் கேஜ்களில் எண்கள் சம இடைவெளியில் இருப்பதே இல்லை. கீழே 40, 50 எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மேலே 90, 100 தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்தீர்களா? இயற்பியலே அப்படித்தான்! ஆபத்து எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் முள் மிக நுணுக்கமாகக் காட்டுகிறது. இதைவிட ஒரு நல்ல ஏற்பாட்டை யாராலும் திட்டமிட்டே செய்திருக்க முடியாது!

அந்த அழுத்தத்தை முள்ளின் அசைவாக மாற்றும் வழியைக் கண்டவர் யார்? யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர்! அவர் பட்டறையில் நீராவி இயந்திரத்துக்காக ஒரு குழாயைச் சுருளாக வளைத்தார்கள். வளைக்கும்போது குழாய் தட்டையாக நசுங்கிப்போனது. சரிசெய்யலாம் என்று உள்ளே தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றினார்கள். குழாய் உருண்டை வடிவத்துக்குத் திரும்பியது. அத்தோடு நிற்கவில்லை, சுருளும் தானாகப் பிரியத் தொடங்கியது! வேறு யாராவது இருந்தால் குழாயைத் தூக்கி எறிந்திருப்பார்கள். பூர்தோன் அதை அளவுக் கருவியாக்கினார். காப்புரிமை பெற்ற ஆண்டு 1849!

1852-ல் அமெரிக்க உரிமையை எட்வர்ட் ஆஷ்கிராஃப்ட் என்பவர் வாங்கினார். அவர் பெயரில் இன்றும் பிரஷர் கேஜ்கள் விற்கின்றன. 170 ஆண்டுகளுக்கு மேல் ஓடும் ஒரு வளைந்த குழாய்!

கேஜுக்குள் அந்த வளைந்த குழாயின் முனை எவ்வளவு நகர்கிறது தெரியுமா? சில மில்லிமீட்டர்தான்! குட்டிப் பல் சக்கரம் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. ‘ஃபுல் ஸ்வீப்’ கேஜ்களில் முள் பயணிப்பது 270 டிகிரி கோணம்!

இங்கிலாந்துக் கார்களின் கேஜ் என்றாலே ஸ்மித்ஸ்! எம்.ஜி., மாரிஸ், ஆஸ்டின் என்று எந்த டேஷ்போர்டைப் பார்த்தாலும் அந்தப் பெயர்தான். அவர்கள் தொடங்கும்போது கார் என்ற ஒன்றே உலகில் இல்லை. 1851-ல் லண்டனில் கடிகாரக் கடை வைத்தவர்கள்!

சரி, கேஜ் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? ரேடியேட்டர் மூடியின் தலையிலேயே தெர்மாமீட்டரை நட்டுவிட்டார்கள்! அமெரிக்காவின் ஹாரிசன் பாய்ஸ் கண்டுபிடித்த ‘பாய்ஸ் மோட்டோமீட்டர்’ அது. டிரைவர் தன் இருக்கையில் இருந்தபடியே பானட்டுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். வட்டக் கண்ணாடிக்குள் சிவப்புக் கோடு ஏறினால் காரை ஓரங்கட்டுவார்!

நீளமான பானட் கொண்ட பெரிய கார்களுக்குப் பெரிய மாடல். சின்ன கார்களுக்கு ‘ஜூனியர்’. தூரத்திலிருந்து படிக்க வேண்டுமே, அதனால் தெர்மாமீட்டரிலேயே இத்தனை சைஸ்!

இன்னொரு அதிசயம். மோட்டோமீட்டர் தண்ணீரைத் தொடவே தொடாது! தண்ணீருக்கு மேலே இருக்கும் ஆவியின் சூட்டைத்தான் அளந்தது. அப்படியும் 1910-களிலும் 1920-களிலும் அமெரிக்கச் சாலைகளை ஆண்டது!

அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி காருக்கு வாட்டர் பம்பே இல்லை தெரியுமா? முதல் 2,500 கார்களில் மட்டும் இருந்தது. பிறகு தூக்கிவிட்டார்கள். சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். அந்த ஓட்டத்தை நம்பியே 1908 முதல் 1927 வரை உருவான கார்கள் சுமார் 1.5 கோடி!

இங்கிலாந்தில் முதன்முதலாக 10 லட்சம் விற்ற கார் மாரிஸ் மைனர். நம் ஊரில் அதற்கு ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று பெயர். இலங்கையில் இன்றும் பாசத்தோடு வைத்து ஓட்டுகிறார்கள். அந்தப் புகழ்பெற்ற காரின் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் கேஜே கிடையாது! ஸ்பீடோமீட்டருக்குள் ஒரு பெட்ரோல் முள். அவ்வளவுதான்!

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோ ஒரு படி மேல். அதில் கூலன்ட்டே இல்லை, காற்றுதான்! 1960-களின் தொடக்கம் வரை பெட்ரோல் கேஜ்கூட இல்லை. ஆனாலும் உருவான கார்கள் 2,15,29,464!

இனி மாட்டுகிற வேலைக்கு வாருங்கள். ஆச்சரியங்கள் இங்கேதான் குவிந்து கிடக்கின்றன!

செம்புக் குழாய் 6 அடி அல்லது 12 அடி நீளம் வரும். உங்கள் காருக்கு 4 அடி போதும் என்றால் மீதியை என்ன செய்வீர்கள்? வெட்டக் கூடாது! ஒரு வெட்டு விழுந்தால் ஈதர் பறந்துவிடும், கேஜ் அந்த நொடியே செத்துவிடும். மிச்சத்தை அகலமான வளையமாகச் சுற்றிக் கட்டிவைப்பதுதான் ஒரே வழி!

அப்படியானால் 12 அடிக் குழாய் 6 அடிக் குழாயைவிடத் தப்பாகக் காட்டுமா? காட்டாது! குமிழுக்குள் ஈதர் நீர்மமும் ஆவியும் சந்திக்கிற இடத்தின் சூடு மட்டுமே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. குழாய் எவ்வளவு நீளம், பானட்டுக்குள் எவ்வளவு அனல், எதுவும் கணக்கில் வராது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கருவிக்கு ஒரு கும்பிடு போடலாம்!

இன்னும் கேளுங்கள். என்ஜின் சூடானதும் குழாய்க்குள் இருப்பது ஆவி அல்ல. குளிர்ந்த பக்கத்தில் ஈதர் மறுபடி நீர்மமாகிவிடும். டேஷ்போர்டு குளிர்ச்சியாக, என்ஜின் சூடாக இருப்பதால் குழாய் முழுக்கத் திரவம்! ஆவி மிஞ்சியிருப்பது கொதிக்கும் குமிழுக்குள் மட்டும்!

என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் ஆடுகிறது. கார் பாடி ஆடுவதில்லை. நடுவில் செம்புக் குழாய் விறைப்பாக இருந்தால் அதிர்விலேயே ஒருநாள் ஒடியும். அதனால்தான் என்ஜின் பக்கம் குழாயை ஒன்றிரண்டு சுருளாகச் சுற்றிவிடுகிறார்கள். அழகுக்கு என்று நினைத்து நீட்டிவிடாதீர்கள், கேஜின் ஆயுளே அந்தச் சுருளில்தான்!

பென்சிலைவிட மெல்லிய குழாய்க்கு, என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் எவ்வளவு பெரிய துளை வேண்டும்? கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர்! குழாயைக் கழற்ற முடியாதே, அதனால் குமிழும் அதை என்ஜினில் இறுக்கும் நட்டும் மொத்தமாக அந்தத் துளை வழியே நுழைய வேண்டும். பிறகு நடுவே கீறிய ரப்பர் கிரோமெட்டைக் குழாய் மேல் மாட்டித் துளையை அடைக்கிறார்கள். கிரோமெட் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பே செம்பை அறுத்துத் தள்ளிவிடும்!

அடுத்தது மரை. ‘அரை அங்குல’ என்.பி.டி. (அமெரிக்கக் குழாய்) மரையை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அரை அங்குலம் இருக்காது! வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர். ‘எட்டில் ஒரு அங்குல’ மரையோ 10.3 மில்லிமீட்டர். அதாவது பெயரில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்!

இன்னும் பெரிய கண்ணி ஒன்று உண்டு. அமெரிக்க எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரையில் அங்குலத்துக்கு 27 பற்கள். பிரிட்டிஷ் மரையில் 28. ஒரே ஒரு பல்தான் வித்தியாசம்! கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று சமத்தாக ஏறும். ஸ்பேனர் போட்டதும் என்ஜின் ஹெட்டின் மரை பாழ்! பல்லின் கோணம்கூட வேறு. அமெரிக்க மரையில் 60 டிகிரி, பிரிட்டிஷ் மரையில் 55. அதனால் அடாப்டர் வாங்கும்போது கார் எந்த நாடு, கேஜ் எந்த நாடு என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள்!

மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாமா? மின்சார சென்சார் என்றால் யோசிக்க வேண்டும், எர்த் கிடைக்காமல் போகலாம். மெக்கானிக்கல் கேஜுக்கோ எர்த்தே வேண்டாம். தாராளமாகச் சுற்றுங்கள்!

குமிழை எங்கே வைப்பது? தெர்மோஸ்டாட்டுக்கு (என்ஜின் சூடான பிறகே ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வு) என்ஜின் பக்கம்! ரேடியேட்டர் பக்கம் வைத்தால், தெர்மோஸ்டாட் திறக்கும் வரை முள் தூங்கிக்கொண்டே இருக்கும். என்ஜின் கொதித்தாலும் தெரியாது!

பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம் இது. மாரிஸ் மைனரில் கேஜ் இல்லாவிட்டாலும் அதன் ஏ-சீரீஸ் என்ஜின் ஹெட்டில் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே பார்த்தால், அடைப்பு ஆணி போட்ட ஒரு துளை காத்திருக்கும். அதே குடும்பத்து என்ஜின் கேஜ் வைத்த கார்களுக்கும் போனதே, அவற்றுக்கான இடம்தான் அது. டிரில்லிங் வேலை மிச்சம்!

மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விட்டுக் குமிழை உள்ளே இறக்குங்கள். முள் 100-க்கு வர வேண்டும். ஃபாரன்ஹீட் கேஜ் என்றால் 212. செலவு ஒரு பாத்திரம் தண்ணீர். கிடைப்பது ஆய்வுக்கூடத் துல்லியம்!

ஆனால் ஊட்டியில் இதே சோதனையைச் செய்தால் முள் 92, 93-ஐத் தாண்டாது. கேஜ் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான்!

எவரெஸ்ட் உச்சியில்? சுமார் 71 டிகிரி! பல கார்களின் தெர்மோஸ்டாட் திறப்பது 82 டிகிரியில். அங்கே திறந்த பாத்திரத்து நீர் கொதித்துக் காலியான பிறகும் தெர்மோஸ்டாட் மூடியே கிடக்கும்!

அந்தத் தெர்மோஸ்டாட்டைத் திறந்துவிடுவது எது தெரியுமா? மெழுகு! உருகும்போது மெழுகு விரிகிறது, வால்வைத் தள்ளுகிறது. கேஜுக்கு ஈதர், தெர்மோஸ்டாட்டுக்கு மெழுகு. மின்சாரம் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் இரண்டும் ஒரே என்ஜினைக் காவல் காக்கின்றன!

மெக்கானிக்கல் கேஜ் மாட்டிய காரில் முள்ளை மட்டும் பாருங்கள். மெல்ல ஏறும், ஏறும், 80-ஐத் தாண்டும், திடீரென்று ஒரு குதி கீழே இறங்கும்! ரேடியேட்டரின் குளிர்ந்த நீர் முதன்முறையாக உள்ளே பாய்ந்த கணம் அது. தெர்மோஸ்டாட் திறந்ததைக் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள்!

பல நவீன கார்களில் இந்தக் காட்சி கிடைக்காது. சூடு பல டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி மென்பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுபவர் கவலைப்படக் கூடாதாம்!

பழைய மின்சார கேஜ்களுக்கு 12 வோல்ட்டே ஆகாது. ஸ்மித்ஸ் கேஜ்களுக்கு 10 வோல்ட். பழைய ஃபோர்டு கேஜ்களுக்கோ 5 வோல்ட் அளவுதான். நடுவில் ஒரு குட்டி ஸ்டெபிலைசர் உட்கார்ந்து வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும். அது கெட்டால் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும்!

1962-ல் வந்த எம்.ஜி.பி. காரில் ஒரே வட்டத்துக்குள் இரண்டு கேஜ். ஒரு பாதி தண்ணீரின் சூடு, மறுபாதி ஆயில் அழுத்தம். இரண்டுமே மெக்கானிக்கல். ஒன்றின் குழாயில் ஈதர். மற்றொன்றின் குழாயில் என்ஜின் ஆயிலே டேஷ்போர்டு வரை வந்து நிற்கும்!

உங்கள் சமையலறை பிரஷர் குக்கரும் உங்கள் ரேடியேட்டரும் ஒரே குடும்பம்! 15 பி.எஸ்.ஐ. மூடி போட்டால் வெறும் தண்ணீர்கூட 121 டிகிரிக்குத்தான் கொதிக்கும். குக்கரிலும் அதே அழுத்தம், அதே சூடு. சாலையில் நிறுத்தி ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதேதான்!

பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் மூடியே இல்லாமல் சுமார் 107 டிகிரி வரை தாங்கும். மறுபக்கம் உறைவது எப்போது? மைனஸ் 37 டிகிரியில்!

கூலன்ட்டின் சூடு இவ்வளவுதானே என்று எண்ண வேண்டாம். சிலிண்டருக்குள் எரியும் தீ 2,000 டிகிரிக்கும் மேல்! பிஸ்டன் செய்யப் பயன்படும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகும். உருகாமல் காப்பாற்றுவது கூலன்ட். நீங்கள் போடும் பெட்ரோலின் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைச் சூடாக வாங்கி வெளியே கொட்டுவதும் அதுவே!

காரை அணைத்த பிறகு முள் இறங்கும் என்றுதானே நினைப்பீர்கள்? ஏறும்! பம்ப் நின்றுவிட்டது, ஓட்டம் நின்றுவிட்டது, இரும்பில் தேங்கிய சூடு அத்தனையும் நின்ற நீருக்குள் இறங்குகிறது. சாவியை எடுத்த பிறகும் நடக்கும் இந்த நாடகத்தை மின்சார கேஜ் காட்டவே காட்டாது. மெக்கானிக்கல் கேஜ் மட்டுமே காட்டும்!

இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். கூலன்ட் மொத்தமும் ஒழுகிப்போனால் முள் உச்சிக்குப் போகும் என்று நம்பாதீர்கள். குமிழ் நீருக்குள் இல்லாமல் காற்றில் தொங்கினால் முள் கீழே இறங்கக்கூடும்! என்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போது கேஜ் குளுமையாகக் காட்டும். ஓடும் காரில் முள் காரணமில்லாமல் சட்டென்று சரிந்தால் மகிழாதீர்கள், உடனே நிறுத்துங்கள்!

புதுக் கூலன்ட் ஊற்றியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்வதும் இதற்காகத்தான். குமிழைச் சுற்றி ஒரு காற்றுப் பை நின்றாலும் எண் பொய்யாகிவிடும்!

மெக்கானிக்கல் கேஜைக் கொல்லும் பெரிய எதிரி யார்? துருப்பிடித்த நட்டு! நட்டு தனியாகச் சுழல வேண்டும், குழாய் அசையக் கூடாது. துரு இரண்டையும் ஒட்டிவிட்டால் ஸ்பேனரோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொள்ளும். ஒரே ஒரு சுற்று. அரை நூற்றாண்டு வாழ்ந்த கேஜின் கதை முடிந்தது! துரு நீக்கும் எண்ணெயை முந்தைய நாள் இரவே விட்டு ஊறவைப்பவர்கள் புத்திசாலிகள்!

அப்படிச் செத்துப்போன கேஜை உயிர்ப்பிக்க முடியுமா? முடியும்! இதுதான் நான் தேடிப் பிடித்ததிலேயே தலைசிறந்த கைவேலை. விலை குறைந்த ஒரு புது கேஜ் வாங்குகிறார்கள். அதன் குமிழைத் தூளாக்கிய ஐஸும் உப்பும் கலந்த பாத்திரத்தில் புதைக்கிறார்கள். மைனஸ் 20 டிகிரியை ஒட்டி இறங்கியதும் ஈதரின் அழுத்தம் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும். ஈதர் அத்தனையும் குமிழுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். குழாயைத் துணிந்து வெட்டலாம், ஒரு துளிகூடப் பறக்காது!

வெட்டிய குழாயைப் பழைய கேஜின் குழாயோடு சேர்த்து, மேலே ஒரு குட்டி உறையைச் செருகிச் சால்டர் வைக்கிறார்கள். இது திறந்த வெளியில், பழகிய கை மட்டுமே செய்ய வேண்டிய வேலை. ஈதர் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தரையாகப் படரும். தானாகத் தீப்பிடிக்க நெருப்பே வேண்டாம், 160 டிகிரி அளவுச் சூடு போதும். சால்டரிங் அயர்ன் முனையோ 300-ஐத் தாண்டும்!

ஐஸ் உருகுவதற்குள் பற்று இறுகிவிட வேண்டும். இறுகியதும் குமிழை எடுத்துக் கொதிக்கும் நீரில் விடுகிறார்கள். எத்தனையோ வருடமாக அடியில் படுத்துக் கிடந்த அந்தப் பழைய முள் நடுங்கி எழுகிறது. 60, 80, 90… 100!